மின்தடையின்போது ஜெனரேட்டர்: வெளிச்சம் வீட்டுக்குள், இயந்திரம் வெளியே

மின்சாரம் தடைபட்ட இரவில் ஒரு சிறிய ஜெனரேட்டர் பெரிய உதவியாக இருக்கும். மின்விசிறி சுழலும், குளிர்பதனப் பெட்டியில் உள்ள மருந்து கெடாது, கைப்பேசிக்கு மின்னூட்டம் கிடைக்கும். ஆனால், தவறான இடத்தில் வைத்து இயக்கினால் அதே இயந்திரம் உறங்கிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தையே கொன்றுவிடும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவைக் கண்ணால் பார்க்க முடியாது. மூக்கால் நுகரவும் முடியாது.

உங்கள் வீட்டில் ஜெனரேட்டர் இருந்தால், அல்லது வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ எண்ணியிருந்தால், இக்கையேட்டைப் படித்துவிட்டு வீட்டில் உள்ள அனைவரிடமும் சொல்லுங்கள்.

மழையும் மின்தடையும் சேர்ந்தே வருகின்றன

1996 ஆகஸ்டு 3-ஆம் தேதி ஏற்பட்டதைப் போல, தீபகற்ப மலேசியா முழுவதையும் இருளில் ஆழ்த்தும் மின்தடை அரிது. பினாங்கு மக்களுக்கு நீண்ட மின்தடை பெரும்பாலும் புயல்காற்றோடும் வெள்ளத்தோடும்தான் வருகிறது. 2017 நவம்பர் 4, 5 ஆகிய தேதிகளில் தீவிலும் செபராங் பிறையிலும் விடாது பெய்த கனமழையில் மரங்கள் சாய்ந்தன, வீடுகள் நீரில் மூழ்கின, ஏழு பேர் உயிரிழந்தனர். பல பகுதிகளில் மின்சாரம் இல்லை. நீர் புகுந்த இடங்களில் பாதுகாப்புக்காகவே மின்சாரம் துண்டிக்கப்படுவதும் உண்டு.

இதில்தான் சிக்கல் இருக்கிறது. ஜெனரேட்டர் தேவைப்படும் நேரத்தில் வெளியே மழை கொட்டுகிறது. இயந்திரம் நனையக்கூடாது என்று அதை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு வருகிறோம். இரவில் யாராவது திருடிவிடுவார்களோ என்று கிரில் கதவுக்கு உள்ளே வைக்கிறோம். சத்தம் அண்டை வீட்டாருக்குத் தொந்தரவாக இருக்குமே என்று கதவைச் சாத்துகிறோம். மூன்றுமே நியாயமான காரணங்கள்தாம். ஆனால், மூன்றும் நச்சுப் புகையை நம்மோடு சேர்த்துப் பூட்டிவிடுகின்றன.

இரவு மின்தடையின்போது ஜெனரேட்டரை வீட்டுக்குள் இயக்கிவிட்டு உறங்குபவர்கள் புகையைச் சுவாசித்து உறக்கத்திலேயே இறந்துவிடக்கூடும். அமெரிக்காவில் மட்டும் இத்தகைய ஜெனரேட்டர்களின் புகையால் ஆண்டுக்குச் சுமார் 100 பேர் இறக்கின்றனர். அவர்களில் பலர் சூறாவளி, பனிப்புயல் போன்றவற்றுக்குப் பிந்திய மின்தடையின்போது இறந்தவர்கள். புயலுக்குத் தப்பியவர்கள் புகைக்குப் பலியாகின்றனர்.

இந்த வாயு உடலுக்குள் என்ன செய்கிறது?

பெட்ரோல், டீசல், எரிவாயு, கரி, விறகு என எது எரிந்தாலும், முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. காரின் புகைக்குழாயில் நச்சைக் குறைக்கும் கருவி உண்டு. சிறிய ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் அது இல்லை. ஆகவே, கையால் தூக்கக்கூடிய ஒரு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் வெளிவிடும் அளவுக்கு இந்த வாயுவை வெளிவிடக்கூடும்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனை உடல் முழுவதும் கொண்டு செல்வது இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்சைடு அதனோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் போகிறது. முதலில் பாதிக்கப்படுபவை மூளையும் இதயமும். தலை சுற்றும், குழப்பம் வரும், கால்கள் வலுவிழக்கும். ஆபத்து என்று உணரும்போது எழுந்து நடக்கவே முடியாமல் போகலாம். உறங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை.

இந்த வாயுவின் எடை ஏறக்குறைய காற்றின் எடைதான். எனவே, அது தரையில் தங்குவதும் இல்லை, கூரையோடு நின்றுவிடுவதும் இல்லை. காற்றோடு கலந்து கதவிடுக்கு, சன்னல், மாடிப்படி வழியாக வீடெங்கும் பரவுகிறது. கீழ்த்தளத்தில் ஓடும் இயந்திரம் மேல்மாடியில் உறங்குபவரைக் கொல்லக்கூடும்.

எங்கே வைக்க வேண்டும்?

ஜெனரேட்டரை எப்போதும் திறந்தவெளியில் வையுங்கள். கதவு, சன்னல், காற்றுத் துளை ஆகியவற்றிலிருந்து குறைந்தது 6 மீட்டர், அதாவது 20 அடி, தள்ளியிருக்க வேண்டும். புகைக்குழாய் வீட்டை நோக்கியோ மக்கள் இருக்கும் பக்கமோ திரும்பியிருக்கக்கூடாது. அந்தப் பக்கம் உள்ள சன்னல்களை மூடிவையுங்கள்.

20 அடி என்பது நாம் நினைப்பதைவிட அதிகம். பல வரிசை வீடுகளின் அகலமே ஏறக்குறைய 20 அடிதான். உங்கள் வீட்டிலிருந்து தள்ளி வைக்கும்போது அது பக்கத்து வீட்டுச் சன்னலின் கீழ் வந்துவிடக்கூடாது. வைப்பதற்கு முன் இரு பக்க வீட்டாரிடமும் பேசுங்கள்.

ஜெனரேட்டரை ஒருபோதும் இயக்கக்கூடாத இடங்கள்:

• வரவேற்பறை, சமையலறை, குளியலறை, சாமான் அறை
• கிரில் கதவு போட்ட கார் நிறுத்துமிடம், முன்பக்கம் திறந்திருந்தாலும்
• பின்பக்கச் சந்தை ஒட்டிய மூடிய முற்றம், துணி துவைக்கும் இடம்
• அடுக்குமாடி வீட்டின் பால்கனி, பொது நடைவழி, மாடிப்படி
• கடைவீட்டின் காற்று முற்றம், காக்கி லீமா
• வேன், லாரி, கார் ஆகியவற்றின் உட்புறம்

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் வசிப்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நீளமான, குறுகலான இவ்வீடுகளின் நடுவே வெளிச்சத்துக்காகத் திறந்துவிடப்பட்ட காற்று முற்றம் இருக்கும். வானம் தெரிவதால் அது திறந்தவெளி போலத் தோன்றும். ஆனால், நான்கு பக்கமும் சுவர். அங்கே இயங்கும் ஜெனரேட்டரின் புகை மேல்மாடி அறைகளுக்குள் புகும். பக்கத்துக் கடைவீட்டுக்குள்ளும் செல்லக்கூடும்.

"சன்னலைத் திறந்துவிட்டால் போதாதா? மின்விசிறி போட்டால் போதாதா?" என்று பலர் கேட்கின்றனர். போதாது. உள்ளே சேரும் நச்சு வேகமாகச் சேர்கிறது. சன்னல் வழியாக வெளியேறுவது மெதுவாகவே நடக்கிறது. மின்விசிறி நச்சை வெளியேற்றாது, அறை முழுவதும் கலந்துவிடும். இயந்திரத்தை நிறுத்திய பிறகும் பல மணி நேரம் அந்த வாயு உள்ளே தங்கியிருக்கலாம்.

மழை பெய்தால்?

ஜெனரேட்டர் நனையவும் கூடாது, வீட்டுக்குள் வரவும் கூடாது. உயரமான, நீர் தேங்காத தரையில், நான்கு பக்கமும் திறந்த கூடாரத்தின் கீழ் வைக்கலாம். கூரை மட்டும் இருக்க வேண்டும். பக்கவாட்டில் கன்வாஸ் துணி தொங்கக்கூடாது. இயந்திரத்தின் மீது நேரடியாகத் துணியோ பிளாஸ்டிக்கோ போர்த்தாதீர்கள்; தீப்பிடிக்கும். திருட்டுப் பயம் இருந்தால் கனமான சங்கிலியால் கம்பத்தோடு பிணைத்துப் பூட்டுங்கள். உறங்கப் போகுமுன் இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள்.

இப்படிப்பட்ட இடம் உங்களுக்கு இல்லை என்றால், ஜெனரேட்டரை இயக்காதீர்கள். அடுக்குமாடி வீடுகளிலும் பெரும்பாலான கடைவீடுகளிலும் பாதுகாப்பான இடம் என்று ஒன்று இருக்காது. அங்கு வசிப்பவர்கள் மின்கல விளக்கு, பவர் பேங்க், மின்னூட்டம் செய்யக்கூடிய விசிறி ஆகியவற்றைத் தயாராக வைத்திருப்பதே நல்லது.

அறிகுறிகள்: காய்ச்சலா, களைப்பா, நச்சா?

கார்பன் மோனாக்சைடு நச்சின் தொடக்க அறிகுறிகள் சாதாரணமானவை. வெள்ளத்தில் வீட்டைக் கழுவிக் களைத்தவர், "தூங்கினால் சரியாகிவிடும்" என்று நினைத்துப் படுத்துவிடுவார். ஆபத்து அங்கேதான்.

• தலைவலி, தலைச்சுற்றல்
• குமட்டல், வாந்தி
• உடல் சோர்வு, கால் தளர்ச்சி
• மூச்சுத்திணறல், நெஞ்சுவலி
• குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், அளவுக்கு மீறிய தூக்கம்
• மயக்கம், வலிப்பு

சளிக்காய்ச்சலிலிருந்தும் உணவு ஒவ்வாமையிலிருந்தும் இதை வேறுபடுத்திக் காண மூன்று குறிப்புகள் உதவும். ஒன்று, வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வருகிறது. இரண்டு, வெளியே சென்றால் சற்றுத் தெளிவாகிறது, உள்ளே வந்தால் மீண்டும் வருகிறது. மூன்று, காய்ச்சல் இல்லை. பூனை, நாய் போன்ற வளர்ப்புப் பிராணிகள் சோர்ந்து விழுவதும் ஓர் எச்சரிக்கை.

கர்ப்பிணிகள், வயிற்றில் உள்ள சிசு, கைக்குழந்தைகள், முதியோர், இதய நோயாளிகள், இரத்தசோகை உள்ளவர்கள் ஆகியோர் விரைவாகவும் கடுமையாகவும் பாதிக்கப்படுவார்கள்.

விரலில் மாட்டும் கருவியை நம்பாதீர்கள்

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் பலர் விரல்நுனியில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரை வாங்கி வைத்தனர். கார்பன் மோனாக்சைடு நச்சைக் கண்டறிய அது உதவாது. இரத்தத்தில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று அதனால் பிரித்தறிய முடியாது. ஆபத்தான நிலையில் உள்ளவருக்கும் அது 97, 98 என்று காட்டக்கூடும். மருத்துவமனையில் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையே உண்மை நிலையைக் காட்டும்.

அறிகுறி தென்பட்டால் உடனே செய்ய வேண்டியவை

1. அனைவரையும் உடனே வெளியே, சுத்தமான காற்றுக்குக் கொண்டுவாருங்கள். பொருள்களை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.
2. 999-ஐ அழையுங்கள். "ஜெனரேட்டர் புகை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அப்போதுதான் தீயணைப்பு மீட்புத் துறையினர் சுவாசக் கருவியோடு வருவார்கள்.
3. உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால், யோசிக்காமல் உள்ளே ஓடாதீர்கள். காப்பாற்றப் போனவரும் அங்கேயே விழுந்துவிடலாம். வெளியிலிருந்து எட்டக்கூடிய கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டு உதவிக்குக் காத்திருங்கள்.
4. வெளியே கொண்டுவரப்பட்டவர் மயங்கியிருந்து, மூச்சு சீராக இருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்குங்கள்; 999 அதிகாரி தொலைபேசியில் வழிகாட்டுவார்.
5. பால், எலுமிச்சைச் சாறு, உப்புநீர் எதையும் கொடுக்காதீர்கள். அவை இந்த நச்சை முறிக்காது.
6. தெளிந்துவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பாதிக்கப்பட்டவர் தாமே வாகனம் ஓட்டக்கூடாது.

ஏன் மருத்துவமனை? சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது இரத்தத்தில் உள்ள நச்சு பாதியாகக் குறைய ஏறக்குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் அது ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணி நேரமாகக் குறைகிறது. அந்த வேறுபாடு மூளையைக் காப்பாற்றும். மேலும், சிலருக்கு நலமடைந்து சில நாட்கள் அல்லது சில வாரங்கள் கழித்து மறதி, நடையில் தடுமாற்றம், குணமாற்றம் ஆகியவை தோன்றலாம். அப்படி ஏதேனும் தெரிந்தால் மீண்டும் மருத்துவரைப் பாருங்கள். முன்பு புகையைச் சுவாசித்ததை மறக்காமல் சொல்லுங்கள்.

மின்சார ஆபத்து: உங்களுக்கும், கம்பத்தில் ஏறுபவருக்கும்

சிலர் இரு முனையிலும் பிளக் பொருத்திய கம்பியைச் செய்து, ஜெனரேட்டரிலிருந்து நேராகச் சுவர்ப் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கின்றனர். இது உயிர்க்கொலைக்கு ஒப்பானது. உங்கள் ஜெனரேட்டரின் 230 வோல்ட் மின்சாரம் வீட்டைத் தாண்டித் தெருக் கம்பிக்குச் செல்கிறது. அங்குள்ள மின்மாற்றி அதைப் பின்னோக்கி 11,000 வோல்ட் வரை உயர்த்தக்கூடும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியைப் பழுதுபார்க்கும் டி.என்.பி. ஊழியர் அதில் சிக்கி இறக்கலாம். செருகாத மறுமுனையின் உலோகக் கால்களைத் தொட்டால் உங்கள் வீட்டுப் பிள்ளையும் இறக்கலாம்.

• சாதனங்களை ஜெனரேட்டரில் உள்ள பிளக்கில் நேரடியாக இணையுங்கள். இல்லையேல் வெளிப்புறப் பயன்பாட்டுக்கான, சிரிம் முத்திரை பெற்ற தடித்த நீட்டிப்புக் கம்பியைப் பயன்படுத்துங்கள்.
• சுருளாகச் சுற்றிய கம்பியை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுருளாகவே இருந்தால் சூடேறி உருகும்.
• வீட்டு மின்சுற்றோடு இணைக்க விரும்பினால், எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற மின்பணியாளரைக் கொண்டு மாற்றுச் சுவிட்சு பொருத்துங்கள்.
• ஈரக் கையோடும், தேங்கிய நீரில் நின்றபடியும் ஜெனரேட்டரைத் தொடாதீர்கள்.
• வீட்டுக்குள் வெள்ளம் புகுந்திருந்தால், மின்பணியாளர் சோதிக்கும்வரை எந்தப் பிளக்கையும் பயன்படுத்தாதீர்கள்.

எரிபொருள்

இயந்திரம் ஓடும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். நிறுத்தி, குறைந்தது 15 நிமிடம் ஆறவிடுங்கள். சூடான புகைக்குழாயின் மீது சிந்தும் பெட்ரோல் உடனே தீப்பற்றும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சென்று அடுப்பையோ, சாமி விளக்கையோ, சிகரெட்டையோ தொட்டால் போதும். பெட்ரோலை அதற்குரிய மூடியுள்ள கலனில், வீட்டுக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குடிநீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

தண்ணீர்ப் பந்தல், இரவுச் சந்தை, உணவு வேன்

நம்மில் பலர் ஜெனரேட்டரை மின்தடைக்கு மட்டும் பயன்படுத்துவதில்லை. தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியெங்கும் அமைக்கப்படும் தண்ணீர்ப் பந்தல்களிலும், இரவுச் சந்தைக் கடைகளிலும் அது இரவு முழுவதும் ஓடுகிறது. திறந்தவெளிதானே என்ற எண்ணம் அங்கே ஏமாற்றிவிடும். மூன்று பக்கமும் துணி கட்டிய பந்தலின் பின்னால் வைத்த இயந்திரத்தின் புகை உள்ளேயே தங்கும்.

• பந்தலுக்கு வெளியே, 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் பக்தர்கள் நடக்கும் பாதைக்கு எதிர்ப்புறம் இருக்குமாறு வையுங்கள்.
• தொண்டர்களும் பிள்ளைகளும் ஜெனரேட்டர் இருக்கும் பக்கம் படுத்துறங்க விடாதீர்கள்.
• தண்ணீரும் மோரும் சிந்தும் தரையில் கம்பிகளை விடாதீர்கள். வெறுங்காலோடு நடப்பவர்கள் அவர்கள்.
• வேனில் ஜெனரேட்டர் ஓடும்போது, அதன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஓய்வெடுக்காதீர்கள்.

காருக்கும் கரி அடுப்புக்கும் இதே விதிதான். 2020-ஆம் ஆண்டு செபராங் பிறையின் ஜூரு பகுதியில், நிறுத்திவைத்த காருக்குள் இருந்த நான்கு இளம்பெண்களில் மூவர் கார்பன் மோனாக்சைடு நச்சினால் உயிரிழந்தனர். மின்தடையின்போது குளிர்சாதனத்துக்காகவோ கைப்பேசிக்கு மின்னூட்டம் செய்யவோ காரை இயக்கிவிட்டு அதில் உறங்காதீர்கள். கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டாதீர்கள்.

எச்சரிக்கைக் கருவி

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி, படுக்கையறைகளுக்கு அருகே பொருத்துங்கள். மின்தடையிலும் இயங்கும்படி மின்கலத்தில் ஓடுவதாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி வேறு. அது இந்த வாயுவைக் கண்டறியாது. இக்கருவி இருக்கிறது என்பதற்காக ஜெனரேட்டரை உள்ளே வைக்கவும் கூடாது.

வீட்டில் நோயாளி இருந்தால்

ஜெனரேட்டரை அவசரமாக வீட்டுக்குள் கொண்டுவரத் தூண்டுவது பெரும்பாலும் இதுதான்: அம்மாவின் ஆக்சிஜன் இயந்திரம், அப்பாவின் இன்சுலின். முன்கூட்டியே திட்டமிட்டால் அந்த நெருக்கடி வராது.

இன்சுலின்: குளிர்பதனப் பெட்டியை அடிக்கடி திறக்காவிட்டால் ஏறக்குறைய 4 மணி நேரம் குளிர் நிற்கும். மின்தடை நீண்டால், பனிக்கட்டி போட்ட பெட்டியில் மருந்தைத் துணியில் சுற்றி வையுங்கள். பனிக்கட்டி மருந்தை நேரடியாகத் தொடக்கூடாது, உறைந்த இன்சுலின் பயன்படாது. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனாவைப் பொதுவாக 30 பாகைக்குக் குறைவான அறைவெப்பத்தில் சில வாரங்கள் வைத்திருக்கலாம். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பதை மருந்தாளரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் இயந்திரம், உறக்கச் சுவாசக் கருவி, வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ்: மாற்று ஆக்சிஜன் சிலிண்டர் அல்லது மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும், அதன்பின் எங்கே செல்வது என்பதை மருத்துவக் குழுவோடு பேசி எழுதி வையுங்கள். மின்தடை நீடிக்கும் என்று தெரிந்தால், மருந்து தீரும்வரை காத்திருக்காமல் நோயாளியை அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இயக்குவதற்கு முன் ஐந்து கேள்விகள்

1. இயந்திரம் திறந்தவெளியில் இருக்கிறதா?
2. என் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் 6 மீட்டர் தள்ளி இருக்கிறதா?
3. புகைக்குழாய் மனிதர் இல்லாத பக்கம் திரும்பியிருக்கிறதா?
4. இயந்திரமும் கம்பியும் என் கைகளும் உலர்ந்திருக்கின்றனவா?
5. உறங்கும் முன் நிறுத்தப் போகிறவர் யார்?

ஒரு கேள்விக்கேனும் பதில் இல்லையென்றால், அன்றிரவு மெழுகுவத்திக்குப் பதிலாகக் கைவிளக்கை ஏற்றிக்கொண்டு, சன்னலைத் திறந்துவைத்துப் படுங்கள். வியர்வையோடு கழியும் ஓர் இரவு விடிந்துவிடும்.

தொடர்புக்கு

• அவசர உதவி (ஆம்புலன்ஸ், தீயணைப்பு மீட்பு, காவல்): 999
• மின்தடை பற்றிப் புகார் செய்ய, டி.என்.பி.: 15454
• தேசிய நச்சு மையம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், பினாங்கு: 1-800-88-8099

உயிருக்கு ஆபத்தான நிலையில் முதலில் 999-ஐ அழையுங்கள். இந்த எண்களை ஜெனரேட்டரின் மீதும் வீட்டுச் சுவரிலும் ஒட்டி வையுங்கள்.